உடம்பு சொல்வதும் தடம் சொல்வதும்

காஷ்மீரின் குல்மார்க்கில், அடிவாரச் சரிவுக்கு வெயில் வந்து சேரும் முன்பே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள், கஹ்வா விற்பவர், ஓவர்கோட்டும் கம்பூட்டும் வாடகைக்குத் தருகிறவர்கள், ஃபிரன் அங்கிக்குள் காங்கிரிக் கணப்பை அணைத்தபடி யாரும் கூப்பிடாமலே அருகில் வந்து நிற்கும் பயிற்சியாளர்கள். கோடையில் இது கோல்ஃப் மைதானம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,650 மீட்டர் உயரம். ஜனவரியில் பெஞ்சுகளின் கால்கூடத் தெரியாத அளவுக்குப் பனி. எதிரே அஃபர்வட் மலை. அதை நோக்கிக் கொண்டோலாப் பெட்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கின்றன.

சரிவுக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. முதல் வகை, அரை மணி நேரம் ஸ்கீ மாட்டிக்கொண்டு, புகைப்படம் எடுத்து, விழுந்து, சிரித்துவிட்டுப் போகிறவர்கள். கடைக்காரருக்கு அவர்களால்தான் பிழைப்பு. இரண்டாவது வகை, போன குளிர்காலத்திலும் வந்தவர்கள். இறங்கத் தெரியும், நிற்கத் தெரியும், இடமும் வலமும் ஒரு மாதிரியாகத் திரும்பவும் தெரியும். ஆனால் ஏதோ ஒரு படியில் ஏறாமல் நின்றுபோயிருக்கிறார்கள். அது எந்தப் படி என்று அவர்களுக்கே புரிவதில்லை. கஹ்வா கடையின் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குப் பத்து நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

பெங்களூர்க்காரர் ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியும் கையுறையும் சொந்தம். ஸ்கீயும் பூட்டும் வாடகை. கடையில் பூட் மாட்டும்போதே பாடம் தொடங்கிவிட்டது. கால் குளிரும் என்று இரண்டு கம்பளிக் காலுறை போட்டிருக்கிறார். விசாலமான பூட்டாகப் பார்த்து எடுத்து, உள்ளே கால் சுகமாக இருப்பதில் அவருக்குத் திருப்தி. அவருக்கு வாய்த்த பயிற்சியாளர் நரைத்த தாடிக்காரர். மூக்கின் மேல் வெயில் காய்ந்த தழும்பு. இந்தியும் ஆங்கிலமும் கலந்து, குரல் உயர்த்தாமல் பேசுகிறார்.

“சார், ஒரு காலுறையைக் கழட்டுங்க.”

பிறகு அவரே பூட்டின் உள் மெத்தையை உருவி எடுக்கிறார். வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை விடச் சொல்லி, விரல்கள் முன்னால் தொடும்வரை தள்ளச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் தன் விரல்களை நுழைத்துப் பார்க்கிறார். இரண்டு விரல் போனால் சரி. நான்கு விரல் போகிறது. அடுத்த அளவு வருகிறது, அதற்கும் அடுத்தது வருகிறது. கடைசியில் ஒன்று பொருந்துகிறது.

“விரல் இடிக்குதே பாய்.”

“நேரா நின்னா இடிக்கும். முட்டியை மடிங்க சார்.”

மடித்ததும் குதிகால் பின்னே போய் உட்காருகிறது, விரல்களுக்கு மூச்சு கிடைக்கிறது. பெங்களூர்க்காரர் முகத்தில் ஒரு வியப்பு. தளர்ந்த பூட்டுக்குள் கால் திரும்பினாலும் ஸ்கீ திரும்பாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் காலியிடத்திலேயே முயற்சி முழுவதும் தீர்ந்துபோகும். கால் சறுக்கிவிடக் கூடாதே என்று விரல்களைச் சுருட்டிப் பிடிப்பார்கள். விரல் சுருண்டால் கணுக்கால் விறைக்கும். கணுக்கால் விறைத்தால் உடம்பு பின்னால் போகும். தொழில்நுட்பக் கோளாறு என்று எண்ணிப் பல பேர் ஆண்டுக்கணக்கில் திருத்தப் பார்ப்பது, வாடகைக் கடையில் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டியது.

பைண்டிங்கின் திருகை முடுக்கும் பையன் எடை, உயரம், வயது கேட்கிறான். பூட்டின் நீளத்தைத் தானே பார்த்துக்கொள்கிறான். கடைசியாக, “எப்படி ஓட்டுவீங்க சார்?” பெங்களூர்க்காரர், “நல்லாவே” என்கிறார். பயிற்சியாளர் பையனைப் பார்த்துத் தலையசைக்க, எண் ஒரு புள்ளி இறங்குகிறது. விழும்போது பூட்டை விட்டுவிட வேண்டிய கருவி அது. பெருமைக்காகச் சொல்லும் ஒரு சொல்லுக்கு முழங்கால் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

சரிவின் மேலிருந்து முதல் இறக்கம். பெங்களூர்க்காரர் இடமும் வலமுமாகத் திரும்பி வந்து, பனி தெறிக்க நிற்கிறார். முகத்தில் நிம்மதி.

“முன்னால சாஞ்சு வந்தேனா?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“நல்லா சாஞ்சேன்.”

பெஞ்சிலிருந்து பார்த்தவருக்கு வேறொன்று தெரிந்தது. தோள் முன்னால் வளைந்திருந்தது உண்மை. ஆனால் இடுப்பு குதிகாலுக்கும் பின்னால் தொங்கியது. ஸ்கீயின் மூக்கு இரண்டும் பனியைத் தொட்டும் தொடாமலும் அலைந்தன. தொடை இரண்டும் நடுங்கின. அவர் சாய்ந்ததாக உணர்ந்தது நிஜம்; சாயாததும் நிஜம்.

அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சரிவில் நிற்கும் உடம்பு, தான் நேராக நிற்பதாக நினைப்பது பூமிக்குச் செங்குத்தாக. ஸ்கீக்கு வேண்டியதோ சரிவுக்குச் செங்குத்து. சரிவின் கோணம் எவ்வளவோ அவ்வளவும் உடம்பின் கணக்கில் பிழை. அதோடு பயமும் சேர்ந்தால் உடம்பு மலைப் பக்கமாக இன்னும் ஒதுங்கும். எடை வாலுக்குப் போனால் மூக்கு பனியைப் பிடிக்காது. பிடிக்காத ஸ்கீ திரும்பாது. திரும்பாவிட்டால் வேகம் ஏறும். வேகம் ஏறினால் பயம் ஏறும். பயம் ஏறினால் உடம்பு இன்னும் பின்னால். இந்தச் சுற்றுக்குள்தான் அந்தச் சரிவில் பாதிப் பேர் சுழன்றுகொண்டிருக்கிறார்கள்.

நரைத்த தாடிக்காரர், “முன்னால சாயுங்க” என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பக்கத்துச் சரிவில் ஓர் இளம் பயிற்சியாளர் அதையே விடாமல் கத்துகிறார். அவருடைய மாணவர்கள் தோளை மட்டும் முன்னால் தள்ளி, இடுப்பை இன்னும் பின்னால் விட்டு, கேள்விக்குறியாக வளைந்து வருகிறார்கள். தாடிக்காரர் கேட்பது ஒரே கேள்வி: “முழங்காலுக்குக் கீழே எலும்பு பூட்டோட நாக்கைத் தொடுதா?” தொட்டால் எடை சரியான இடத்தில் இருக்கிறது. உடம்பு பொய் சொல்ல முடியாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே காதைக் கொடுக்கச் சொல்கிறார், அவ்வளவுதான். பிடிமானமில்லாமல் டவுன் பஸ்ஸில் நிற்கும்போது கணுக்காலும் முட்டியும் தானாகவே இளகி, திருப்பத்துக்குத் திருப்பம் ஈடுகொடுக்குமே, அந்த நிற்பு இருந்தால் போதும்.

இதற்கிடையில் ஓர் அம்மாள். புனேயிலிருந்து மகளுடன் வந்திருக்கிறார் என்று பேச்சில் தெரிந்தது. ஐம்பத்தைந்துக்குக் குறையாது. மகள் கொண்டோலாவில் மேலே போய்விட்டாள். அம்மாள் இந்தச் சின்னச் சரிவை விட்டு நகரவில்லை. இறங்குகிறார், இழுவைக் கம்பியைப் பிடித்து ஏறுகிறார், மறுபடி இறங்குகிறார். வேகமே இல்லை. ஆனால் பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபடுகிறது. அவர் எந்தத் திருப்பத்தையும் பாதியில் விடுவதில்லை. ஸ்கீ சரிவுக்குக் குறுக்காக வந்து, கொஞ்சம் மேல்நோக்கிப் பார்க்கும்வரை பொறுத்திருக்கிறார். வேகம் தானாகவே தீர்ந்த பிறகுதான் அடுத்த திருப்பம்.

பெங்களூர்க்காரர் அப்படியல்ல. திருப்பம் முடியும் முன்பே அடுத்ததற்குத் தாவுகிறார். முந்தின வேகம் மிச்சமிருக்க அதன் மேல் புது வேகம் ஏறுகிறது. நான்காவது திருப்பத்தில் தாங்காமல் குதிகாலைத் தள்ளி பிரேக் போடுகிறார். பனி தெறிக்கிறது, பார்க்கிறவர்களுக்குச் சாகசமாகத் தெரிகிறது. வேகத்தைக் குறைப்பது பிரேக்கின் வேலை இல்லை, வளைவின் வடிவத்தின் வேலை என்பது அந்த அம்மாளுக்கு யாரோ சொல்லித் தந்திருக்கிறார்கள். அல்லது பயமே நல்ல வழியில் சொல்லித் தந்திருக்கிறது.

முற்பகலில் தாடிக்காரர் செய்த ஒரு காரியத்துக்காகவே அந்த பெஞ்சில் நாள் முழுக்க உட்காரலாம். பெங்களூர்க்காரரை ஓரமாகப் புதுப் பனியில் ஆறு திருப்பம் இறங்கச் சொன்னார். கீழே வந்ததும், “இப்ப திரும்பி மேலே பாருங்க” என்றார்.

தடம் அப்படியே கிடந்தது. ஒவ்வொரு திருப்பத்தின் தொடக்கத்திலும் இரண்டு கோடுகள் நேராகக் கீழே ஓடின. பிறகு திடீரென்று அகன்று, ஒரு முழ அகலத்துக்குப் பனி வழித்தெடுக்கப்பட்டிருந்தது. அதாவது வளைவு முழுக்கப் பரவ வேண்டிய வேலை, கடைசி நொடியில் மொத்தமாக நடந்திருக்கிறது. இன்னொன்றும் இருந்தது. இடப்புறத் திருப்பங்களில் வெளிக்கோடு ஆழமாக, ஓரளவு சுத்தமாக இருந்தது. வலப்புறத் திருப்பங்களில் இரண்டு கோடும் சம ஆழம். நடுவில் ஒரு தடுமாற்றம்.

தாடிக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, “இடது முட்டியில எப்பவாவது அடிபட்டிருக்கா சார்?” என்றார்.

பெங்களூர்க்காரர் வாயடைத்து நின்றார். கல்லூரியில் ஷட்டில் ஆடும்போது முறுக்கிக்கொண்ட முட்டி. இன்றுவரை அதை அவர் மறைவாகத் தாங்கித்தான் நடக்கிறார்.

வலப்புறம் திரும்பும்போது எடையைச் சுமக்க வேண்டியது இடது கால். எந்தத் திருப்பத்திலும் வெளிக்கால்தான் வேலைக்காரன். உள்கால் கூடவே வர வேண்டும், பாரம் ஏற்கக் கூடாது. ஆனால் உடம்புக்கு மலைப் பக்கம்தான் பத்திரம் என்று தோன்றும். அந்தப் பக்கம் சாயும். சாய்ந்தால் எடை உள்காலுக்குப் போகும். வெளி ஸ்கீயின் விளிம்பு பிடி இழந்து வழுக்கும். பிடிக்காத முட்டி ஒன்று இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மனிதர் சொல்லாத காயத்தைத் தடம் எழுதி வைத்திருந்தது.

அதன் பிறகு பயிற்சி. பார்ப்பவருக்கு இவை சிறுபிள்ளை விளையாட்டாகத் தெரியும். கோல் இரண்டையும் கையில் படுக்கைவாட்டில் ஏந்தி, அது சரிவுக்கு இணையாகவே இருக்கும்படி இறங்குவது. கை பின்னே போனாலும் தோள் உள்ளே சாய்ந்தாலும் கோல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தது, திருப்பத்தின் நடுவில் உள் ஸ்கீயின் வாலை லேசாகத் தூக்குவது. எடை உண்மையிலேயே வெளிக்காலில் இருந்தால்தான் தூக்க முடியும். பொய் என்றால் கால் எழும்பாது. அப்புறம், திரும்பிக்கொண்டே வெளிப்பக்க பூட்டின் பக்கிளைக் கையால் தொடுவது. கடைசியாக, ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திப் பக்கவாட்டிலேயே வழுக்கி இறங்கி, மறுபடி விளிம்பைக் கொடுத்து நிற்பது. முன்னேறவே இல்லாத பயிற்சி அது. பெங்களூர்க்காரருக்கு அதுதான் கடினமாக இருந்தது. விளிம்பை இறுக்க மட்டுமே தெரிந்தவருக்கு, தளர்த்தச் சொன்னால் வியர்த்துவிடுகிறது.

சரிவின் விளிம்பில் கீழே உள்ள டங்மர்க் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். ஸ்கீ அவன் உயரத்துக்குப் பொருந்தாதது. யாரோ அண்ணன் விட்டதாக இருக்கும். கையில் கோல் இல்லை. பயிற்சி என்று ஒன்றும் செய்யவில்லை. ஆனால் இடுப்பு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது. கண் ஸ்கீயின் மூக்கைப் பார்க்காமல் இரண்டு திருப்பம் தள்ளிப் பார்க்கிறது. அந்த டங்மர்க்கிலிருந்து வந்த ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் போய், ஜெயண்ட் ஸ்லாலத்தில் 45-வது இடம் பிடித்தார். அவருடைய அப்பாவுக்கு இதே குல்மார்க்கில் ஸ்கீ கடை. நான்கு வயதில் பனியில் இறங்கியவருக்குப் பயம் என்பது பின்னால் வந்து சேர்ந்த சங்கதி. நாற்பதில் இறங்குகிறவருக்கு அது முதலிலேயே வந்து காத்திருக்கிறது. பிறர் கண்ணும் கோலும் தடமும் வேண்டியிருப்பது அதனால்தான்.

மதியத்துக்குப் பிறகு தாடிக்காரர் சரிவில் குச்சிகளை நட்டார். வளைந்து வளைந்து கடக்க வேண்டும். குச்சி வந்ததும் பெங்களூர்க்காரரின் நடத்தை மாறியது. தனக்கு வசதியான இடத்தில் திரும்ப முடியாது, குச்சி இருக்கும் இடத்தில்தான் திரும்பியாக வேண்டும். ஆஸ்திரியாவில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி 1905-இலேயே இப்படிக் கம்புகளுக்கிடையே ஆளை இறக்கிப் பார்த்தார். அவர் முறையில் கையில் ஒற்றைக் கோல்தான். 1922-இல் ஸ்விட்சர்லாந்தின் மூரன் கிராமத்தில் இன்றைய ஸ்லாலத்துக்கு வடிவம் கொடுத்தவர் ஆர்னால்டு லன். ஒயிலுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை விட்டு, யார் சீக்கிரம் வருகிறார் என்று மட்டும் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பனியே காணாத சென்னையில் 1888-இல் பிறந்தவர் அவர், அப்பா மிஷனரி. இந்தச் சரிவுக்கும் பழைய கதை உண்டு. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் இங்கே 1927-இல் ஸ்கீ கிளப் தொடங்கினார்கள்.

அவர்கள் காலத்து ஸ்கீ நீளமான, ஏறக்குறைய நேரான பலகை. இப்போது வாடகைக் கடையில் கிடைப்பது நடுவில் நன்றாக இடுங்கி, மூக்கும் வாலும் அகன்றது. நிறுத்திப் பார்த்தால் ஆளின் தாடைக்கும் நெற்றிக்கும் நடுவே நிற்கும். 1990-களில் பரவிய வடிவம் இது. விளிம்பில் சாய்த்து எடையைக் கொடுத்தால் இடுப்புப் பகுதி பனியை நோக்கி வளைந்து, ஸ்கீ தானே ஒரு வட்டத்தின் துண்டை வரையும். அந்த வட்டத்தின் ஆரம் எத்தனை மீட்டர் என்று ஸ்கீயின் மேலேயே அச்சிட்டிருக்கும். திருப்பும் வேலையில் பாதியைக் கருவியே ஏற்றுக்கொண்டாயிற்று. ஆள் செய்ய வேண்டியது சாய்த்துவிட்டுப் பொறுத்திருப்பது. பொறுத்திருப்பதுதான் வரவில்லை.

இரண்டு மணிக்கு அவருடைய நண்பர்கள் வந்து, “இங்கேயே எத்தனை நேரம்? மேலே வா” என்று இழுத்தார்கள். கொண்டோலாவின் முதல் நிலையம் கோங்டூரி, 3,000 மீட்டருக்கு மேல். இரண்டாவது, அஃபர்வட்டின் தோள், ஏறத்தாழ 3,950 மீட்டர். அங்கே சமன் செய்த பாதை கிடையாது, பனிச்சரிவு அபாயம் உண்டு, வழிகாட்டியும் மீட்புக் கருவிகளும் இல்லாமல் இறங்கக் கூடாது. இவர்கள் கோங்டூரிவரைதான் போனார்கள். தாடிக்காரர் தடுக்கவில்லை. குச்சிகளைப் பிடுங்கிக் கட்டி வைத்துவிட்டு, காங்கிரியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து அவர்கள் மரங்களுக்கு நடுவிலிருந்து இறங்கி வருவது தெரிந்தது. பெங்களூர்க்காரரின் இடுப்பு மறுபடி பின்னால். கை இரண்டும் சிறகடித்தன. காலையிலிருந்து கற்றது ஒன்றுகூட உடம்பில் இல்லை. செங்குத்தான இடத்தில் உடம்பு புதிதாக ஒன்றையும் கற்காது. தனக்கு ஏற்கெனவே தெரிந்த பழையதைத்தான் எடுத்து நீட்டும். புதுப் பழக்கம் ஊறுவது பயமில்லாத சரிவில். அது ஊறிய பிறகுதான் பயமுள்ள சரிவில் துணைக்கு வரும். புனே அம்மாள் காலையிலிருந்து செய்துகொண்டிருந்தது இதுதான்.

கூட வந்த இளைஞர் ஒருவர் கடைசி வளைவில் பின்பக்கமாக உட்கார்ந்து விழுந்தார். வழுக்கிக்கொண்டே எழப் பார்த்தார். தாடிக்காரர் முதல் முறையாகக் குரல் உயர்த்தினார்: “எழுந்திருக்காதீங்க! நிக்கிறவரை எழாதீங்க!” இடுப்பு முட்டிக்குக் கீழே இருக்க, வால் விளிம்பு பனியில் சிக்கினால் முட்டி முறுக்கிக்கொண்டு உள் தசைநார் அறுந்துவிடும். கையை முன்னால் நீட்டி, இரு காலையும் சேர்த்துவைத்து, வழுக்கல் தானாக நிற்கும்வரை விட்டுவிட வேண்டும். இளைஞர் நல்லவேளையாகச் சொன்னபடி கேட்டார். மூன்று மணிக்கு மேல் இப்படித்தான்: தொடை களைத்திருக்கும், பனி மறுபடி இறுகத் தொடங்கும், மேகம் வந்துவிட்டால் மேடு பள்ளம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ‘கடைசியாக ஒரே ஒரு தடவை’ என்று ஏறுகிறவர்களைத் தாடிக்காரர் கவலையோடு பார்க்கிறார்.

நண்பர்கள் தேநீருக்குப் போனார்கள். பெங்களூர்க்காரர் போகவில்லை. தாடிக்காரரின் முன்னால் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் சின்னச் சரிவைக் காட்டினார். “ஆறு திருப்பம்தான். அதுக்கு மேல இன்னைக்கு வேண்டாம்” என்றார் தாடிக்காரர்.

மெதுவாக இறங்கினார். முதல் திருப்பத்தில் பொறுத்திருந்தார். இரண்டாவதிலும் பொறுத்திருந்தார். நடுவில் எங்கோ ஒரு சின்ன அசைவு, பிறகு சமாளித்துக்கொண்டார். கீழே வந்து நின்றதும், காலையில் கேட்ட கேள்வியை இப்போது கேட்கவில்லை. தானாகவே திரும்பி மேலே பார்த்தார்.

“மூணாவதுல உள்கால்ல நின்னுட்டேன் பாய்.”

“நாலாவது சார். நான் பார்த்தேனே.”

“இல்லை, மூணாவதுதான்.”

இருவரும் ஸ்கீயைக் கழற்றிவிட்டு, பூட் புதையப் புதைய ஏறிப் போய்த் தடத்தின் அருகே குனிந்தார்கள். மூன்றாவது திருப்பத்தில் உள்கோடு அழுந்தி, வெளிக்கோடு ஒரு சாண் தூரத்துக்கு வழிந்திருந்தது. நான்காவது சுத்தமாக இருந்தது.

தாடிக்காரர் நிமிர்ந்தார். “நீங்க சொன்னதுதான் சரி. நாளைக்கு நீங்களே இறங்கி, நீங்களே பார்த்துச் சொல்லுங்க. நான் கடைசியில பேசுறேன்.”

“எத்தனை மணிக்கு?”

“கூட்டம் வர்றதுக்கு முன்னாடி வாங்க. யாரும் மிதிக்காத பனியில தப்பு தெளிவா தெரியும்.”